குளிர் வர முன்னம்: ரொறன்ரோ வீட்டிலும் பின்வளவிலும் எதை எப்போது செய்வது

தாங்ஸ்கிவிங் நீண்ட வார இறுதியில் எல்லா வேலையையும் ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று மட்டும் திட்டம் போடாதீர்கள். அக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமையில் வருகிற அந்த விடுமுறை, கறிவேப்பிலைச் சாடியை உள்ளே எடுக்கப் பிந்திய நாள், உள்ளி நடக் கொஞ்சம் முந்திய நாள். இலை கூட்டுவதற்கோ மிகவும் முந்திய நாள், ஏனென்றால் தெருவில் நிற்கிற மேப்பிள் மரங்களின் இலையில் பாதிக்கு மேல் அப்போதும் மரத்திலேதான் இருக்கும், இன்றைக்கு முதுகு முறியக் கூட்டினால் அடுத்த கிழமையும் கூட்டத்தான் வேண்டும்.

ரொறன்ரோ, ஸ்கார்பரோ, மார்க்கம், அஜாக்ஸ் பக்கம் வீடும் பின்வளவும் வைத்திருக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: நாட்காட்டியை விட்டுவிட்டு இரவு வெப்பநிலையைப் பாருங்கள். கைபேசியில் வானிலையைத் திறந்தால் நாங்கள் எல்லாரும் பகல் எண்ணைத்தான் பார்க்கிறோம், 'ஆ, நாளைக்கு 19' என்று சந்தோசப்படுகிறோம். இந்தக் காலத்தில் அதற்குப் பக்கத்தில் மங்கலாகப் போட்டிருக்கிற இரவு எண்ணுக்குத்தான் மதிப்பு. அது 12க்கு இறங்கும்போது ஒரு வேலை, 3க்கு இறங்கும்போது இன்னொரு வேலை, பூச்சியத்துக்குக் கீழே போகத் தொடங்கினால் வேறொரு வேலை. ஏரிக்கரைப் பக்கம் இருக்கிற வீட்டுக்கும் ஸ்டீல்ஸ் வீதி தாண்டி வடக்கே இருக்கிற வீட்டுக்கும் முதல் உறைபனி வருவது ஒன்றிரண்டு கிழமை முன்பின்னாக இருக்கலாம், அதனால் 'மாமா வீட்டில் இன்னும் ஒன்றும் எடுக்கவில்லையாம்' என்கிற கணக்கும் சரிவராது.

இரவு 12க்கு வந்தால்: சாடிகள்

முதலில் கறிவேப்பிலை. இரவு 10 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கினால் அதற்கு வெளியே வேலை இல்லை. 12 என்று காட்டுகிறபோதே ஆயத்தப்படுத்துங்கள், அது பெரும்பாலும் செப்டம்பர் நடுவிலேயே வந்துவிடும். உடனே தூக்கிக்கொண்டு உள்ளே ஓடவும் வேண்டாம். வெளியே இருக்கும்போதே இலைகளைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள், தண்டில் பழுப்பு நிறப் பொட்டு மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பது செதில் பூச்சி, நகத்தால் சுரண்டினால் கழன்று வரும். இலைக்கடியில் மெல்லிய வலை மாதிரி தெரிந்தால் அது சிலந்திப்பேன். இந்த இரண்டும் வெளியில் இருக்கும்வரை மழையும் மற்றப் பூச்சிகளும் ஓரளவுக்குக் கட்டுப்படுத்தும், வீட்டுக்குள் வந்து, வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸின் காற்றில் உலரத் தொடங்கியதும் எதிரி இல்லாமல் பெருகி ஜனவரிக்குள் மரத்தை மொட்டையாக்கிவிடும்.

அதனால் நல்ல வெயிலான ஒரு நாளில் ஹோஸ் பைப்பைப் பிடித்து இலையின் அடிப்பக்கம், மேல்பக்கம், தண்டு என்று நன்றாகக் கழுவுங்கள். காய்ந்த பிறகு பூச்சிக்கென்று விற்கிற சோப்புக் கரைசலை அடியுங்கள், ஒரு கிழமை கழித்துத் திரும்ப ஒருமுறை. ஒன்ராறியோவில் வீட்டுப் புல்தரைக்கும் தோட்டத்துக்கும் பெரும்பாலான இரசாயனப் பூச்சிமருந்துகள் 2009 ஏப்ரலில் இருந்து தடை, ஆனால் இந்தச் சோப்பு அனுமதிக்கப்பட்டதுதான், எந்தத் தோட்டக் கடையிலும் கிடைக்கும். குசினியில் பாத்திரம் கழுவுகிற திரவத்தைக் கலந்து அடிப்பதைப் பலர் சொல்வார்கள், அது இலையைக் கருக்கக்கூடியது, நான் பரிந்துரைக்க மாட்டேன். சாடி மாற்றுவது, வேர் வெட்டுவது, உரம் போடுவது எல்லாம் மார்ச், ஏப்ரல் வேலை, இப்போது கை வைக்காதீர்கள்.

உள்ளே எங்கே வைப்பது? தெற்குப் பார்த்த யன்னல் இருந்தால் அங்கே. ஆனால் யன்னலுக்குக் கீழேதான் பெரும்பாலான வீடுகளில் சூடான காற்று வருகிற துவாரமும் இருக்கும், அதற்கு மேலே நேராக வைத்தால் செடி கருகும், கொஞ்சம் தள்ளி வையுங்கள் அல்லது துவாரத்துக்குக் காற்றைத் திருப்பிவிடுகிற மூடி போடுங்கள். உள்ளே வந்த முதல் மாதத்தில் இலை மஞ்சளாகி உதிர்ந்தால் பதறவேண்டாம். பதறிப்போய்த் தண்ணீரை ஊற்றுவதால்தான் அதிகமான கறிவேப்பிலைகள் சாகின்றன, குளிரால் அல்ல. விரலை இரண்டு மூட்டு அளவுக்கு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரம் பட்டால் தண்ணீர் வேண்டாம். மேல்மண் காய்ந்தே இருந்தால் சாடி மண்ணில் பெருகுகிற சின்னக் கறுப்புக் கொசுத் தொல்லையும் வராது.

மல்லிகைக்கும் தேசிக்கும் இதே நடைமுறைதான். முருங்கை வேறு சாதி, அது உள்ளே வந்ததும் இலையெல்லாம் கொட்டிவிட்டு நிற்கும், இரண்டடி உயரத்துக்கு வெட்டி பேஸ்மென்ட்டில் குளிர்ச்சியான மூலையில் வைத்து, மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை கொஞ்சமாகத் தண்ணீர் காட்டினால் போதும், மேயில் துளிர்க்கும். கற்பூரவல்லியின் பெரிய சாடியைச் சுமக்கவேண்டியதில்லை, நாலு கொப்பு முறித்து ஒரு கோப்பை மண்ணில் குத்திவிடுங்கள். துளசியைப் பற்றி உண்மையைச் சொன்னால், வெளிச்சம் போதாத வீட்டில் அது பெப்ரவரியைத் தாண்டுவது கஷ்டம், ஒரு எல்ஈடி வளர்ப்பு விளக்கு இல்லாவிட்டால் விதை எடுத்து வைத்துக்கொள்வதுதான் புத்தி.

பச்சை மிளகாய் ஒரு வருடத்துச் செடி என்று நினைத்து ஒவ்வொரு வருடமும் புதிதாக வாங்குகிறோம். அது பல வருடம் நிற்கக்கூடிய செடி. நன்றாகக் காய்த்த ஒன்றிரண்டை மட்டும் தெரிவு செய்து, ஒரு முழ உயரத்துக்கு ஒட்ட வெட்டி, வேரோடு கிளப்பிச் சின்னச் சாடியில் வைத்து உள்ளே எடுத்தால் அடுத்த வருடம் யூலை முடிய முன்னமே காய் பிடுங்கலாம். பேன் இருக்கிற செடியை எடுக்காதீர்கள், மிளகாயில் வருகிற பச்சைப் பேன் வீட்டில் இருக்கிற மற்ற எல்லாச் செடிக்கும் போகும்.

இரவு 3 என்று போட்டால்: தோட்டத்தைக் காலி செய்யும் நேரம்

வானிலையில் 3 என்று போட்டிருந்தாலே உங்கள் வளவில் நிலத்துக்கு அருகில் பூச்சியமாக இருக்கலாம். முகில் இல்லாத, காற்று அசையாத இரவுகள்தான் ஆபத்தானவை. முகில் மூடியிருந்தால் நிலத்தின் சூடு அப்படியே தங்கும். ரொறன்ரோப் பக்கம் இது பெரும்பாலும் அக்டோபர் முதல் பாதியில் வரும், சில வருடம் பிந்தும்.

அன்றைக்கு மாலை என்ன செய்யவேண்டும் என்பதில் எனக்குக் கொஞ்சம் கடுமையான கருத்து உண்டு. பயிற்றங்காய், வெண்டி, புடலை, பாகல், பீர்க்கு ஆகியவற்றைப் போர்வை போட்டுக் காப்பாற்றுவதில் அர்த்தமே இல்லை, இரவு 15க்குக் கீழே போகத் தொடங்கிய நாளிலேயே அவை வளர்வதை நிறுத்திவிட்டன, இனி வருகிற பிஞ்சு முற்றாது. இருப்பதைப் பிடுங்கிக்கொள்ளுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு மட்டும் வேண்டுமானால் ஓரிரு இரவுக்குப் பழைய சாரமோ கட்டில் விரிப்போ நிலத்தைத் தொடும்படி போர்த்தி, காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிடலாம், ஏனென்றால் முதல் உறைபனிக்குப் பிறகு ஒரு நல்ல வெயில் கிழமை வருவது இங்கே வழக்கம். பிளாஸ்டிக் விரிப்பு வேண்டாம், அது தொட்டுக்கொண்டிருக்கிற இலைதான் முதலில் கருகும்.

பச்சைத் தக்காளியை எறிவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. கொஞ்சமாவது வெளிறிப் பளபளப்பு வந்த காய்கள் எல்லாம் வீட்டுக்குள் பழுக்கும். கழுவாமல், காயம் பட்டதைப் பிரித்துவிட்டு, ஒரு அட்டைப் பெட்டியில் பத்திரிகைத் தாள் விரித்து ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்கி, நடுவில் ஒரு அப்பிளோ வாழைப்பழமோ வையுங்கள், அந்தப் பழம் விடுகிற எத்திலீன் வாயு தக்காளியையும் பழுக்க வைக்கும். வெளிச்சம் தேவையில்லை. குளிர்சாதனப் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள், 10 டிகிரிக்குக் கீழே பழுப்பது நின்றுவிடும். இரண்டு நாளைக்கு ஒருமுறை கிளறி அழுகியதை எடுத்தால் நவம்பர் வரைக்கும் வரும். முற்றாமல் மங்கிய பச்சையாக இருக்கிறவை பழுக்காது, அவை கறிக்கும் சட்னிக்கும்.

விதை எடுக்கிறவர்கள் இதற்கு முன்னமே நினைத்து ஒவ்வொரு செடியிலும் ஒரு காயை முற்ற விட்டிருக்கவேண்டும். பயிற்றை நெற்று கொடியிலேயே காய்ந்து கலகலக்கவேண்டும். பாகல் பழுத்து வெடிக்கிற பருவம், கத்தரி ஊதா நிறம் போய் மஞ்சளாகிற பருவம். இன்னொன்று, பைக்கட்டில் எஃப்1 என்று போட்டிருந்த கலப்பின விதையிலிருந்து வந்த செடியில் விதை எடுத்தால் அடுத்த வருடம் தாயைப் போல வராது, ஊரிலிருந்தோ உறவினரிடமிருந்தோ வந்த பழைய விதைகளில்தான் இந்த வேலைக்குப் பலன். நிழலில் நன்றாக உலர்த்தி, கடித உறையில் பெயரும் வருடமும் எழுதி, காற்றுப் புகாத போத்தலில் போட்டு வையுங்கள்.

எல்லாவற்றையும் பிடுங்கவும் தேவையில்லை. கேல், கரட், லீக்ஸ் எல்லாம் உறைபனியைத் தாங்கும், கரட் அதற்குப் பிறகு இனிக்கும். செப்டம்பர் தொடக்கத்தில் விதைத்த கொத்தமல்லியும் சின்ன உறைபனிக்கு அசையாது.

பந்தலைக் கலைக்கும்போது பயிற்றைக் கொடியை வேரோடு இழுக்காமல் நிலமட்டத்தில் வெட்டிவிடுங்கள், வேர் மண்ணுக்குள்ளேயே உக்கட்டும். கருகல் நோய் வந்த தக்காளிச் செடி மட்டும் உங்கள் உரக் குவியலுக்குப் போகக்கூடாது, நகரசபை எடுக்கிற தோட்டக் கழிவோடு போடுங்கள், அங்கே பெரிய அளவில் சூடேற்றி உக்க வைக்கிறார்கள். நைலோன் வலையைச் சுருட்டிக் கராஜுக்குள் வையுங்கள், விட்டால் அணிலும் குருவியும் சிக்கும்.

உள்ளி நடுதல்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் வாசிப்பேன் என்றால் இதை வாசியுங்கள். மற்ற எல்லாம் முடிகிற காலத்தில் தொடங்குகிற ஒரே பயிர் இது, பனிக்கடியில் தானே பார்த்துக்கொள்ளும், அணில் தின்னாது, ரக்கூன் தொடாது, அடுத்த யூலையில் கடையில் கிடைக்காத தரத்தில் வெள்ளைப்பூண்டு கையில் இருக்கும்.

காலம்: அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முதல் கிழமை வரை. நிலம் இறுக உறைவதற்கு நாலைந்து கிழமை முன்னம் நட்டால் வேர் மட்டும் ஓடும், முளை பெரிதாக மேலே வராது, அதுதான் வேண்டும். குளிர்காலக் குளிர் பட்டால்தான் ஒரு பல் பல பற்களாகப் பிரியும், வசந்தத்தில் நட்டால் பெரும்பாலும் ஒற்றை உருண்டைதான் கிடைக்கும்.

எதை நடுவது என்பதுதான் பலர் பிழைவிடுகிற இடம். தமிழ்க் கடையில் வலைப் பையில் வருகிற மெல்லிய வெள்ளை உள்ளி, வெப்பமான இடங்களுக்கான மென்கழுத்து இனம், சிலவேளை முளைக்காமல் இருக்க ஏதாவது செய்யப்பட்டும் இருக்கும். உங்களுக்குத் தேவை வன்கழுத்து இனம், நடுவில் விறைப்பான தண்டு இருக்கும். ஒன்ராறியோவில் அதிகம் நடுவது 'மியூசிக்' என்கிற இனம், 1980களில் இத்தாலியிலிருந்து இங்கே வந்தது, ஒரு பூண்டில் 4 முதல் 6 பெரிய பற்கள், உரிப்பதும் சுகம். செப்டம்பரில் விவசாயிகள் சந்தைகளில் விற்பார்கள். விலையைப் பார்த்து மலைக்காதீர்கள், ஒருமுறை வாங்கினால் போதும், பிறகு உங்கள் அறுவடையில் பெரிய பூண்டுகளை ஒதுக்கி அதையே நடலாம். பெரியதைச் சமைத்துவிட்டுச் சின்னதை நட்டால் வருடா வருடம் சிறுத்துக்கொண்டே போகும்.

இடம்: வெயில் படுகிற, தண்ணீர் தேங்காத பாத்தி. முந்திய இரண்டு மூன்று வருடங்களில் வெங்காயமோ உள்ளியோ நட்ட இடம் வேண்டாம். பயிற்றை நின்ற இடம் மிக நல்லது. ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் பெரும்பாலும் களிமண், அதனால் இரண்டு அங்குலத்துக்குக் கொம்போஸ்டோ மக்கிய மாட்டெருவோ பரப்பிக் கிளறிவிடுங்கள், இந்தக் காலத்தில் எருப் பைகள் மலிவாகவும் கிடைக்கும். மண் கையில் பிசின் மாதிரி ஒட்டுகிற ஈரத்தில் கொத்தாதீர்கள், காய்ந்ததும் கல்லாகிவிடும்.

நடுகிற அன்றைக்குத்தான் பூண்டை உடைக்கவேண்டும். தோலை உரிக்காதீர்கள். தட்டையான வேர்ப்பக்கம் கீழே, கூர் மேலே. பல்லுக்கு மேல் ஐந்து சென்ரிமீற்றர் மண் இருக்கவேண்டும், பல்லுக்குப் பல் 15 சென்ரிமீற்றர், வரிசைக்கு வரிசை ஓரடி. ஒருமுறை தண்ணீர் விட்டு, அதன்மேல் நறுக்கிய இலையை ஒரு கை அகலத் தடிப்புக்கு மூடுங்கள். புதிதாகக் கிளறிய மண்ணைக் கண்டால் அணில் தின்பதற்கில்லாவிட்டாலும் கிண்டிப் பார்க்கும், அதற்கு ஒரு கோழிவலைத் துண்டை மேலே போட்டு இரண்டு கல் வைத்தால் சரி. அவ்வளவுதான், ஏப்ரல் வரை அந்தப் பக்கம் போகத் தேவையில்லை.

யூன் நடுவில் சுருண்டு வருகிற பூந்தண்டை முறிக்கவேண்டும், விட்டால் கிழங்கு சிறுக்கும். முறித்ததைத் தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்து பாருங்கள், அதற்காகவே அடுத்த வருடம் இரண்டு வரிசை கூட நடுவீர்கள்.

இலையும் பீலியும் வெளிக் குழாயும்

இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கூரைப் பீலியைக் கழுவ ஹோஸ் பைப்பில் தண்ணீர் வேண்டும். ஆனால் தண்ணீர்க் குழாயை நிலம் உறைய முன்னம் பூட்டவேண்டும். அதேநேரம் நோர்வே மேப்பிள் மரங்கள் நவம்பர் நடுவரை இலை கொட்டிக்கொண்டிருக்கும். அதாவது இலை முடியும்வரை காத்திருந்தால் குழாய் உறையலாம், குழாயைப் பூட்டிவிட்டால் பீலியைக் கழுவ முடியாது. தீர்வு சுலபம்: அக்டோபர் கடைசியில் ஒருமுறை கையால் வழித்துத் தண்ணீர் அடித்துக் கழுவி, கீழிறங்கு குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அதோடு வெளிக் குழாயைப் பூட்டுங்கள். நவம்பர் நடுவில் மரம் மொட்டையானதும் ஒரு காய்ந்த நாளில் ஏறி, வெறும் கையுறையும் வாளியும் கொண்டு மேலோட்டமாக அள்ளினால் போதும்.

பீலி அடைத்துக்கொண்டால் என்ன என்று விடுகிறவர்கள் உண்டு. அதில் தேங்கிய தண்ணீர் உறைந்தால் பாரத்தில் பீலியே கழன்று தொங்கும், பனி உருகும்போது தண்ணீர் வழிந்து சுவரோரமாக இறங்கி பேஸ்மென்ட்டுக்கு வரும். கீழிறங்கு குழாயின் வாய் அத்திவாரத்திலிருந்து ஆறடியாவது தள்ளி இருக்கவேண்டும், புல் வெட்டும்போது கழற்றி வைத்த நீட்டுத்துண்டைத் தேடிப் பூட்டுங்கள். ஏணியின் அடி, ஒவ்வொரு நாலடி உயரத்துக்கும் ஓரடி சுவரிலிருந்து தள்ளி நிற்கவேண்டும், கீழே ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். இரண்டு மாடி வீடு என்றால் காசு கொடுத்து ஆளைப் பிடியுங்கள். அப்பாமார் 65 வயதிலும் ஏணியில் ஏறுவதில் பிடிவாதம் பிடிப்பார்கள், அவருக்குக் கீழே வாளி பிடிக்கிற வேலையைக் கொடுங்கள்.

வெளிக் குழாயைப் பூட்டுவது ஐந்து நிமிட வேலை. ஹோஸைக் கழற்றுங்கள், இதுதான் முதல் படி, உறையாத குழாய் என்று சொல்லி விற்கிறதிலும் ஹோஸ் மாட்டியிருந்தால் உள்ளே தண்ணீர் தங்கி வெடிக்கும். பேஸ்மென்ட்டில் அந்தக் குழாய் சுவருக்குள் போகிற இடத்துக்கு அருகில், பெரும்பாலும் கூரையோடு ஒட்டி, ஒரு வால்வு இருக்கும், அதை இறுக்கிப் பூட்டுங்கள். வெளியே போய்க் குழாயைத் திறந்து விடுங்கள். பிறகு உள்ளே வால்வின் பக்கத்தில் இருக்கிற சின்னப் பித்தளை மூடியைத் திருகி, மிச்சத் தண்ணீரை வாளியில் பிடித்துவிட்டு மூடுங்கள். வெளிக் குழாய் குளிர்காலம் முழுக்கத் திறந்தே இருக்கட்டும். பேஸ்மென்ட்டை வாடகைக்கு விட்டிருந்தால் அந்த வால்வு அவர்களுடைய அறைக்குள் இருக்கலாம், முன்கூட்டியே சொல்லி நேரம் கேளுங்கள், அதே போக்கில் அவர்கள் பக்கத்துப் புகை எச்சரிக்கைக் கருவியையும் பார்த்துவிடலாம்.

இனி இலை. எல்லாவற்றையும் பையில் கட்டித் தெருவோரம் வைத்துவிட்டு, மேயில் கடைக்குப் போய்ப் பை பையாக மண்ணும் உரமும் வாங்குவது எனக்கு விளங்குவதே இல்லை. புல்லில் மெல்லியதாகக் கிடக்கிற இலையைக் கூட்டவே வேண்டாம், புல்வெட்டும் இயந்திரத்தை மேலே ஓட்டித் தூளாக்கிவிட்டால் மண்புழு பார்த்துக்கொள்ளும். தடிப்பாக மூடினால்தான் கூட்டவேண்டும், இல்லாவிட்டால் புல் மூச்சு முட்டி அழுகும். கூட்டியதையும் இயந்திரத்தால் நறுக்கிக் காய்கறிப் பாத்திகள் மேல் போடுங்கள். நறுக்காத மேப்பிள் இலை அடுக்கடுக்காக ஒட்டித் தண்ணீரே இறங்காத பாய் ஆகிவிடும், அதுதான் நறுக்கச் சொல்வது. இலையில் கறுப்புத் தார் ஊற்றிய மாதிரிப் பொட்டுகள் இருந்தால் அது ஒரு பூஞ்சணம், மேப்பிளுக்கு மட்டும் வருவது, உங்கள் தக்காளிக்கு ஒன்றும் செய்யாது. கறுப்பு வால்நட் மரத்து இலையை மட்டும் தோட்டத்துக்குக் கொண்டுவராதீர்கள், அதில் இருக்கிற யுக்ளோன் என்ற பொருள் தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு ஆகாது.

மிஞ்சியதைக் கடதாசிப் பையில்தான் போடவேண்டும், பிளாஸ்டிக் பையில் கட்டினால் எடுக்காமல் விட்டுவிட்டுப் போவார்கள். ரொறன்ரோவில் தோட்டக் கழிவு எடுப்பது டிசம்பர் நடுவோடு நிற்கும், உங்கள் தெருவுக்கு எந்தக் கிழமை என்று நகரசபை நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். தெருவுக்குத் தள்ளிவிடுகிற வேலை வேண்டாம், வடிகால் வாய் அடைத்து முதல் மழையிலேயே உங்கள் டிரைவ்வே முன்னால்தான் குளம் கட்டும்.

வீட்டுக்குள்ளே

இதை நவராத்திரிக்கு வீடு துப்புரவாக்குகிற கையோடு முடித்துவிடலாம், ஏணியும் தும்புத்தடியும் வெளியே எடுத்தபடிதானே இருக்கும்.

ஃபர்னஸைக் குளிர் வந்த பிறகு முதன்முதல் போடாதீர்கள். செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் போட்டுப் பாருங்கள். முதல் அரைமணி நேரம் தூசி கருகிய மணம் வருவது வழமை, அதற்கு மேலும் நின்றால் ஆளைக் கூப்பிடுங்கள், அப்போது கூப்பிட்டால் நாளைக்கே வருவார்கள், நவம்பர் முதல் குளிரில் கூப்பிட்டால் வரிசையில் நிற்பீர்கள். ஃபில்டரை மாற்றுங்கள். அளவு அதன் ஓரத்திலேயே அச்சடித்திருக்கும், அம்புக்குறி ஃபர்னஸைப் பார்த்தபடி இருக்கவேண்டும். பெட்டியில் மூன்று மாதம் என்று போட்டிருப்பதை எங்கள் வீடுகளுக்கு எடுக்காதீர்கள், தாளிப்பும் பொரியலும் சாம்பிராணியும் தினமும் இருக்கிற வீட்டில் ஒரு அங்குல ஃபில்டர் ஒன்றரை மாதத்திலேயே கறுத்துவிடும்.

'டக்ட் கிளீனிங்' (சூடுகாற்றுக் குழாய்த் துப்புரவு) என்று தொலைபேசி அடிக்கிற காலமும் இதுதான், வைத்துவிடுங்கள். வாசலில் வந்து ஃபர்னஸ், தண்ணீர்ச் சூடாக்கி விற்பது ஒன்ராறியோவில் 2018 மார்ச் 1 முதல் சட்டப்படி தடை. அடையாள அட்டை மாட்டிக்கொண்டு 'பரிசோதிக்க வந்தோம்' என்று யார் வந்தாலும் உள்ளே விடவேண்டியதில்லை, உங்கள் மாதப் பற்றுச்சீட்டையும் காட்டவேண்டியதில்லை. வீட்டில் தனியாக இருக்கிற அம்மா, அம்மம்மாவுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

குளிர்காற்று எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிக்கக் கருவி ஒன்றும் தேவையில்லை. காற்று அடிக்கிற ஒரு நாளில் கதவு யன்னல் எல்லாம் சாத்தி, குசினி விசிறியைப் போட்டுவிட்டு, ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி யன்னல் ஓரம், கதவின் அடி, சுவரில் இருக்கிற மின் சொக்கற்றுகள் என்று ஒவ்வொன்றாகக் கிட்டக் கொண்டுபோங்கள், திரைச்சீலை கவனம். புகை நேராக ஏறினால் சரி, பக்கவாட்டில் ஓடினால் அதுதான் ஓட்டை. கதவுக்கு ஒட்டுகிற நுரைப் பட்டி, யன்னல் சட்டத்தின் வெடிப்புக்கு கோர்க் என்கிற அடைப்புப் பசை, பழைய யன்னலுக்கு முடியுலர்த்தியால் சூடுகாட்டி இறுக்குகிற மெல்லிய பிளாஸ்டிக் தாள். கோர்க் பூசுவதை வெளியே 5 டிகிரிக்கு மேல் இருக்கிற நாளில் செய்யுங்கள், இல்லாவிட்டால் பெரும்பாலானவை ஒட்டாது.

எலியும் அக்டோபரில்தான் வீடு தேடும். பென்சில் நுழைகிற ஓட்டை அதற்குப் போதும். காஸ் குழாய், ஏசிக் குழாய் சுவருக்குள் போகிற இடங்களைச் சுற்றிப் பார்த்து, இரும்புக் கம்பிப் பஞ்சைத் திணித்து மேலே கோர்க் பூசுங்கள். பேஸ்மென்ட்டில் சாக்கோடு வைத்திருக்கிற அரிசியை மூடியுள்ள வாளிக்கு மாற்றுங்கள்.

நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைக்கிற அன்றே புகைக் கருவி, காபன் மொனொக்சைட் கருவி இரண்டின் பற்றரியையும் மாற்றி, பொத்தானை அமத்திச் சத்தம் கேளுங்கள். பின்பக்கத்தில் திகதி இருக்கும், புகைக் கருவி பத்து வருடம் தாண்டியிருந்தால் பற்றரி மாற்றிப் பிரயோசனம் இல்லை, கருவியையே மாற்றுங்கள். காஸ் ஃபர்னஸ் இருக்கிற வீட்டில் படுக்கை அறைகளுக்கு அருகில் காபன் மொனொக்சைட் கருவி இருப்பது ஒன்ராறியோவில் சட்டம். வெளியே சுவரில் நீட்டிக்கொண்டிருக்கிற ஃபர்னஸின் வெள்ளைக் குழாய்களில் இலை அடைத்திருக்கிறதா, உடுப்பு உலர்த்தியின் வெளித் துவாரத்தில் பஞ்சு தங்கியிருக்கிறதா என்றும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

குளிர்கால ரயரைப் பனி விழும்வரை வைத்திருக்காமல் பகல் வெப்பநிலை 7க்கு இறங்கத் தொடங்கும்போதே மாற்றுங்கள், காப்புறுதிக் கம்பனிக்கு அறிவித்தால் கட்டணத்தில் கழிவும் உண்டு. பனி அள்ளுகிற சவளும் உப்பும் அக்டோபரிலேயே வாங்கி வையுங்கள், முதல் பனி விழுந்த அன்று கடையில் இருக்காது. உப்பை நடைபாதைக்கு மட்டும் அளவாகப் போடுங்கள். உள்ளிப் பாத்தி நடைபாதை ஓரமாக இருந்தால் அந்தப் பக்கத்துக்கு உப்புக்குப் பதிலாக மணல்தான், பனியை அள்ளும்போதும் உப்புக் கலந்ததைப் பாத்திமேல் எறியாமல் மறுபக்கம் எறியுங்கள்.